மரியசெல்வி அமைத்த ஒலி

பாடகர் மகாலிங்கத்தின் திருச்சிக் கச்சேரிக்கு ஒலி அமைக்க, அந்த ஒரு நாளைக்கு மட்டும் வந்தவள் மரியசெல்வி. முந்தைய கச்சேரியில் வயலின்காரருக்குக் கைதட்டல் அதிகம் விழுந்துவிட்டது. பாடகருக்கு அது பொறுக்கவில்லை.

"வயலின் சத்தம் என் காதுல விழுந்துச்சுன்னா இனிமே உனக்கு என்கிட்ட வேலையே கிடையாது" என்றார் அவளிடம்.

"சரிங்க ஐயா."

மேடையில் பாடகருக்கு மட்டும் கேட்க அவர் முன்னால் வைத்திருந்த ஸ்பீக்கரில் அவர் குரல் மட்டுமே கணீரென்று ஒலித்தது. பக்கத்து வயலின் அதில் அமுங்கிப்போனது. அவர் மனம் குளிர்ந்து பாடினார்.

முடிந்ததும் ரசிகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க பாட்டும் வயலினும் இவ்வளவு இழைஞ்சு நாங்க கேட்டதே இல்லீங்க!"

பாடகர் அவளை முறைத்தார். "நான் என்ன சொன்னேன்?"

"உங்க காதுல விழலையே ஐயா. கச்சேரி கேக்க வந்தவங்களுக்கு அரங்கத்து ஸ்பீக்கர்ல ரெண்டும் சேர்ந்து கேட்டுச்சு."

பாடகர் மெதுவாகக் கேட்டார்:

"வயலின் அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"