கொய்யா வண்டி ஸ்பீக்கரும் இட்லிக் கொப்பரையும்

ஒரு கொய்யா வண்டியில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அது கத்தும். அதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

"கொய்யா, கொய்யா, கொய்யாக்கா! தேனா இனிக்கும் கொய்யாக்கா!" காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை இதேதான். குரல் அதனுடையது இல்லை. வண்டிக்காரி வேலுத்தாயுடையதும் இல்லை. கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் சகாயம் பேசி, மெமரி கார்டில் பதிந்து கொடுத்தது. அந்த ஊர் வண்டிக்காரர்கள் எல்லோரும் அவனிடம்தான் போவார்கள். அதனால் வெங்காயமும் சகாயம் குரல், உப்பும் சகாயம் குரல், பழைய இரும்பும் சகாயம் குரல். கடைசியில் எதிரொலி வேறு சேர்த்துவிடுவான்: "க்கா... க்கா... க்கா..."

தெருவில் ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லோர் காதிலும் ஹெட்செட். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

ஒரு நாள் வேலுத்தாய் ஸ்பீக்கர் தலையில் தட்டினாள். "இந்த வாரமும் கொய்யா வண்டியிலேயே அழுகுச்சுன்னு வையி, உன்னைப் பழைய இரும்புக்காரருகிட்டப் போட்டுருவேன். நானே கத்திக்கிறேன்."

ஸ்பீக்கருக்கு ராத்திரித் தூக்கம் போனது. ஸ்பீக்கருக்கு ஏது தூக்கம் என்றால், இந்தக் கதையில் உண்டு.

மதியம் வண்டிகளெல்லாம் டிரான்ஸ்பார்மர் பக்கம் நிழலில் நிற்கும். அங்கே அது மற்ற ஸ்பீக்கர்களிடம் யோசனை கேட்டது.

"உனக்குச் சத்தம் பத்தலைடா," என்றது வெங்காய ஸ்பீக்கர். "என்னைப் பாரு. நான் கத்துனா நாய் ஓடுது."

"வெங்காயம் விக்குதா?"

"நாய் ஓடுதுன்னு சொல்றேன்ல."

பழைய இரும்பு ஸ்பீக்கர் கொய்யா ஸ்பீக்கரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எத்தனை கிலோ இருப்பே?" என்று மட்டும் கேட்டது.

மறுநாள் தெரு நடுவில் வேலுத்தாய்க்கு அவள் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வண்டியில் சாய்ந்தாள். சாய்ந்தது ஸ்பீக்கரோடு வந்த மைக்கின் சுவிட்ச் மேல். சகாயம் குரல் நின்றது. வேலுத்தாய் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"ஏன்டி, இட்லிக் கொப்பரையை வாங்கிட்டுப் போயி மூணு வருசம் ஆச்சு! கொப்பரை உன்கிட்ட, தட்டு என்கிட்ட. தட்டை வச்சு நான் விசிறிக்கவா?"

ஒரு ஜன்னல் திறந்தது.

"என்னது, தட்டையும் குடுத்துவிடவா? ஏன், அப்படியே என்னையும் தூக்கி அடுப்புல வையேன்!"

ஆறு ஜன்னல் திறந்தது. மூன்றாவது மாடி அம்மா ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடி வந்தார். "தட்டைக் குடுத்துராதம்மா!" என்றார். வந்ததற்குச் சும்மா நிற்க முடியாமல் ரெண்டு கிலோ கொய்யா வாங்கினார். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். மதியத்துக்குள் வண்டி காலி.

விஷயம் மற்ற வண்டிகளுக்குப் பரவியது. எல்லோரும் சகாயம் கடைக்கு ஓடினார்கள்.

அடுத்த நாள், "ஏன்டி, என் குக்கரை எப்பத் தருவே... தருவே... தருவே..." என்றது வெங்காய ஸ்பீக்கர். "என் மிக்ஸி எங்கடி... எங்கடி... எங்கடி..." என்றது உப்பு ஸ்பீக்கர். அக்கா குரலும் சகாயம், தங்கச்சி குரலும் சகாயம். ஜன்னல்கள் பழையபடி சாத்திக்கொண்டன.

கொய்யா ஸ்பீக்கர் கெஞ்சியது. "அக்கா, இன்னிக்கு இன்னும் பெரிய சண்டையாப் போடுக்கா."

"கொப்பரைதான் நேத்தே வந்துருச்சே. இனி எதுக்குடா சண்டை?"

போதாததற்கு அன்றைக்குக் கொய்யா மழையில் பறித்தது. வேலுத்தாய் ஒன்றைக் கடித்தாள். முகம் கோணியது. மைக்கை எடுத்தாள்.

"இன்னிக்குக் கொய்யா சப்புன்னு இருக்கு. மழைத்தண்ணி குடிச்சுருச்சு. உப்பு, மிளகாப்பொடி தொட்டுத் திங்கிறவங்க மட்டும் வாங்க. மத்தவங்க நாளைக்கு வாங்க."

"ஐயோ அக்கா!" ஸ்பீக்கர் அலறியது. "இரும்புக்குப் போடணும்னா நேராப் போட்டுரு. அதுக்கு இப்படியா?"

தெருமுனையில், "பழைய இரும்பு... ரும்பு... ரும்பு..." என்று வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது.

"நிஜமாவே சப்புன்னு இருக்கா?"

"கடிச்சுப் பாத்துட்டுத்தாம்மா சொல்றேன்."

"அப்ப மிளகாப்பொடிக்கு ஒரு கிலோ போடு. நல்ல கொய்யா வர்ற அன்னிக்கும் நீயே சொல்லிரு."

அடுத்த ஜன்னல் திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. பழைய இரும்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றபோது வேலுத்தாய் சகாயத்தின் கார்டை உருவி நீட்டினாள். "ஸ்பீக்கர் இல்லண்ணே. இதை வேணா எடுத்துக்கங்க."

ஸ்பீக்கர் மூச்சு விட்டது.

அடுத்த வாரம் தெருவே அதிர்ந்தது. "எங்க வெங்காயம் சுமாருதான்... தான்... தான்..." "எங்க உப்பு சப்புன்னு இருக்கு... இருக்கு... இருக்கு..."

மூன்றாவது மாடி அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அந்த உப்பை ஒருத்தராவது வாயில போட்டுப் பாத்தீங்களா?"