புளிமூஞ்சி ராஜாவுக்கு ஒரு பரிவட்டம்

முன்னொரு காலத்திலே, ஆமை பேசினால் மனிதர்கள் நின்று காது கொடுத்த காலத்திலே, ஏழேரி நாடு என்றொரு நாடு இருந்தது. பெயரில்தான் ஏழு. ஆறு ஏரிகள் மண்மேடாகி மாடு மேயும் இடமாகிவிட்டன. மிச்சமிருந்த பெரியேரியிலும் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம்.

அந்த நாட்டை முதலில் ஆண்டவர் மோகனமாறர். சிரித்த முகம். தேரில் போனால் இரண்டு பக்கமும் பொற்பூ இறைப்பார். ஏரி தூர்ந்துகொண்டே போனதை யார் கவனித்தார்கள்? குனிந்து பூ பொறுக்கவே எல்லாருக்கும் நேரம் சரியாக இருந்தது.

அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன் மகன் உத்தண்டன். அப்பாவின் மூக்கு வாய்த்தது, சிரிப்பு வாய்க்கவில்லை. வந்ததும் பொற்பூவை நிறுத்தினான். யானைச் சண்டையை நிறுத்தினான். பல்லக்கில் போகிறவர்களுக்கு வரி போட்டான். இதையெல்லாம்கூட ஊர் மறந்திருக்கும். வேண்டாம் என்றவர்கள் பேச்சைக் கேட்காமல் வடக்கே படை நடத்திப் போய், கையிலிருந்த மலைக்கோட்டையையும் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினானே, அதைத்தான் மறக்கவில்லை. போனவர்களில் பலர் வீடு வந்து சேரவில்லை. அன்றிலிருந்து அவனை யாரும் ராஜா என்று சொல்லவில்லை. புளிமூஞ்சி என்றார்கள். முகமும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. பச்சைப் புளியங்காயைக் கடித்தவன் மாதிரி எந்நேரமும் ஒரு சுளிப்பு.

அந்தச் சுளிப்பை அவனைவிட நன்றாகச் சுளிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். கடைவீதியில் பூ விற்கும் மருக்கொழுந்து. புருவத்தை நெரித்து, உதட்டைக் கோணி, தலையில் பூக்கூடையைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு அவள் இரண்டு அடி நடந்தால் போதும், வீதியே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முழம் மல்லிகை வாங்கினால் ஒரு புளிமூஞ்சி இலவசம். மற்ற பூக்கடைகளில் ஈ ஓட்டினார்கள்.

வேடிக்கைக்காக மட்டும் அவள் அதைச் செய்யவில்லை. அவளுடைய அண்ணன் இருளப்பன் இரண்டு காலோடு வடக்கே போய் ஒரு காலோடு வந்தவன். அந்தக் கோபம் அவளுக்கு உப்பு மாதிரி, தினமும் சோற்றோடு சேர்ந்தே இறங்கியது. புருஷன் வண்டியோட்டி, பாதி நாள் வழியில்தான். கைக்குழந்தை ஒன்று. பெரியேரிக்குக் கீழே சின்னதாக ஒரு வயல். அந்த வருஷம் அதில் கதிர் பால் பிடித்து நின்றது. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர்.

இந்தச் சமயத்தில்தான் அதிசயம் நடந்தது. பெரியேரி வருஷக்கணக்காகத் தூர் வாரப்பட்டு, கரை உயர்ந்து, ஒரே மழையில் மேல்படி வரைக்கும் நிறைந்துவிட்டது. ஊர் கூடி மடைத் திருவிழா எடுத்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியைச் சீர் செய்தவர் யாரோ அவர் தலையில் பரிவட்டத் துணியைக் கட்டி, முதல் தேங்காயைக் கையில் கொடுத்த பிறகுதான் மடைப் பலகையைத் தூக்குவார்கள்.

யாருக்குக் கட்டுவது? மோகனமாறர் புண்ணியத்தில்தான் ஏரி நிறைந்தது என்றார்கள். அவருடைய கற்சிலைக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கட்டிய கை இறங்குவதற்குள் ஏரித் தண்ணீர் குபுகுபுவென்று பாதிக்கு இறங்கிவிட்டது.

ஊர் பதறியது. அடுத்த வாரம் மறுபடி கூடி, இது அமைச்சர் திருவாழியார் வேலைதான் என்று அவர் தலையில் கட்டினார்கள். அமைச்சர் ஒரு மண்வெட்டியைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் தலையை வாகாகக் காட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் மறுபடி இறங்கியது. இப்போது கடைசிப் படி மட்டும்தான் நனைந்திருந்தது.

அப்போது சுழிமாயன் என்ற மந்திரவாதி முன்னால் வந்தான். மாங்காயைக் கிளியாக்கிப் பறக்கவிடுகிறவன். ஏரியை நிரப்பியது தன் மந்திரம்தான் என்றும், நாளைக் காலையில் தனக்கு மரியாதை நடந்தால் ஏழு ஏரியும் நிறையும் என்றும் சொன்னான். ஊருக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் மருக்கொழுந்து குடத்தோடு ஏரிக்குப் போனாள். காய்ந்த சேற்றில் ஒரு கிழட்டு ஆமை மல்லாந்து கிடந்தது. அவள் அதைப் புரட்டிவிட்டு, இருந்த கொஞ்சம் தண்ணீரை முதுகில் ஊற்றினாள்.

"நாளைக்கு அந்தத் தலையிலயும் கட்டுங்க. அப்புறம் நான் மண்ணைத் தின்னுறேன், நீ பதரைத் தின்னு" என்றது ஆமை.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. இருந்தாலும் பூக்காரி அல்லவா, வாய் சும்மா இருக்குமா? "அப்ப யாரு தலையில கட்டணும், ஆமையாரே? இவ்வளவு நாளும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டாத்தானே சொல்வேன்" என்றது ஆமை. சொல்லவும் சொன்னது.

மாங்காயைக் கிளியாக்குவதற்காகச் சுழிமாயனுக்கு மோகனமாறர் காலத்தில் அரண்மனைப் பொன் போய்க்கொண்டிருந்தது. பட்டத்துக்கு வந்த கையோடு, வடக்கே படை போகும் முன்பே, உத்தண்டன் அதை நிறுத்தி ஏரிக்குத் திருப்பினான். முழங்கால் சேற்றில் நின்று அவன் தூர் வாருவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தபோது, சுழிமாயன் கரையில் நின்று சபித்தான். நீ செய்யும் நல்லதெல்லாம் அடுத்தவன் பேரில் போகும். தப்பான தலைக்கு மரியாதை நடக்கும்போதெல்லாம் அந்த நல்லது தேயும். நீயே சொல்ல வாய் திறந்தால் நாக்கில் புளி ஊறும். உன்னை அதிகமாகப் பழித்த வாய் எதுவோ, அந்த வாய் கூலி வாங்காமல், ஊர் நடுவில், உன் நல்லதைச் சொன்னால்தான் சாபம் தீரும்.

"சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். அப்படி ஒரு வாய் உலகத்திலேயே கிடையாதுன்னு அவனுக்குத் தெம்பு" என்றது ஆமை.

எந்த வாய் என்று மருக்கொழுந்துக்குச் சொல்லவா வேண்டும்?

"அவன் போட்ட சண்டையில எங்க அண்ணன் கால் போச்சு" என்றாள்.

"காலைத் திருப்பிக் கொடுத்தான்னு உன்னைச் சொல்லச் சொன்னேனா? கோட்டையைத் தோத்ததும் அவன்தான். ஏரியை வாரினதும் அவன்தான். ஒரே ஆள்தான், என்ன செய்ய?" ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

ஆமை சொன்னதை மட்டும் நம்பி ஊர் நடுவில் நிற்க முடியுமா? வழியில் மருத்துவச்சி சடையம்மாளின் வீடு. அடைமழையில் மருக்கொழுந்துக்கு வலி கண்டபோது, கூப்பிடாமலே பையோடு வந்து நின்றவள் அவள்தான். தாயும் பிள்ளையும் பிழைத்ததற்கு மருக்கொழுந்து மோகனமாறர் சிலைக்கு விளக்குப் போட்டிருந்தாள். இப்போதுதான் கேட்டாள், உன்னை இந்தத் தெருவுக்கு மருத்துவச்சியாக நியமித்தது யார் என்று.

சடையம்மாள் வெற்றிலையை மென்றபடி, "புளிமூஞ்சிதான். கேட்டாத்தானே சொல்வேன்" என்றாள்.

வீட்டில் இருளப்பன் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். மாதம் பிறந்தால் அவன் பேருக்கு ஒரு மூட்டை நெல் வந்து இறங்கும். அமைச்சரின் தயவு என்று ஊரில் பேச்சு. மருக்கொழுந்து கேட்டாள்: "அண்ணே, அந்த நெல்லு யாரு அனுப்புறது?"

அவன் மடியை ஆட்டுவதை நிறுத்தினான். பிறகு சொன்னான். கால் எடுத்த அன்று ராஜா வந்தான். கட்டில் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், முகம் சுளித்தது, மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அடுத்த மாதத்திலிருந்து நெல் வருகிறது.

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்வேன். காலை எடுத்தவனை என் வாயால நல்லவன்னு சொல்லணுமா? நெல்லைத் தின்னேன், காலுக்காகத் திட்டினேன். ரெண்டும் நியாயம்தான், கொழுந்து."

அந்த மந்திரத்துக்கு அப்படியொன்றும் பெரிய வேலை இருக்கவில்லை, பார்த்தீர்களா? யாருமே கேட்காத ஊரில் மந்திரவாதி எதற்கு?

பொழுது விடிந்தது. ஏரிக்கரையில் ஊரே கூடிவிட்டது. சுழிமாயன் எண்ணெய் தடவிய தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கிளிகள் பறந்தன. கூட்டத்தின் கடைசியில், பூவரச மரத்தடியில், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் உத்தண்டன் நின்றுகொண்டிருந்தான். பரிவட்டத் துணியை மடித்துக் கையில் எடுக்கிற நேரம், மருக்கொழுந்து குழந்தையை இடுப்பில் வைத்தபடி முன்னால் போய், ஒரு வார்த்தை இருக்கிறது என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. மரத்தடிப் பக்கம் கையைக் காட்டி, ஏரியைத் தூர் வாரினது அந்த ராஜாதான் என்றாள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெய்யாகத்தான் சொல்கிறேன் என்றாள். இன்னும் சிரித்தார்கள். ஒருவன், புருவத்தை நெரிக்க மறந்துவிட்டாயே என்று எடுத்துக் கொடுத்தான். இத்தனை நாள் சிரிக்க வைத்த பாவம், இன்று ஒருவரும் நம்பவில்லை. கீழே பால் பிடித்த கதிர் காற்றில் ஆடுவது தெரிந்தது.

அவள் தலையிலிருந்த பூக்கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். கிரீடம் போனதும் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"என்னை யாரும் விலைக்கு வாங்கல. இந்த ஆளை எனக்குப் பிடிக்காது. எங்க அண்ணன் காலை இவர் சண்டை தின்னுச்சு, அதை நான் சாகிற வரைக்கும் சொல்வேன். ஆனா இந்த ஏரியில முழங்கால் சேத்துல நின்னவர் இவர். நான் பிழைச்சது இவர் அனுப்பின மருத்துவச்சியால. எங்க வீட்டு உலையில கொதிக்கிறது இவர் கொடுத்த நெல்லு. பிடிக்காதவர் செஞ்சாருங்கிறதுக்காக, செஞ்சது செய்யாததாயிடுமா?"

முதலில் சடையம்மாள், ஆமாம் என்றாள். பிறகு கூட்டத்தில் ஒரு கைம்பெண், தனக்கும் நெல் வருகிறது என்றாள். ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்கப் பதில் வந்தது.

தண்ணீரும் வந்தது. சேற்றிலிருந்து ஊறி, கடைசிப் படி, நடுப்படி, மேல்படி என்று ஏறி நின்றது. பறந்த கிளிகளெல்லாம் நடுவானில் மாங்காயாகி, சடசடவென்று சுழிமாயன் தலையில் விழுந்தன. அவன் மணையையும் மறந்து ஓடிய ஓட்டத்தில் அடுத்த நாட்டு எல்லையில்தான் நின்றிருப்பான்.

மரத்தடியில் நின்ற ராஜா நாக்கைச் சப்பிப் பார்த்தார். புளிப்பைக் காணோம். (இனி நானும் 'அவர்' என்றே சொல்லிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.) ஊரே அவர் என்ன பேசப்போகிறார் என்று பார்த்தது.

"மடைப் பலகை ஓரமா ஒழுகுது. வைக்கோல் வச்சு அடைக்கணும்" என்றார்.

முகத்திலும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பிறவிச் சுளிப்பை எந்த மந்திரத்தால் எடுக்க முடியும்? சாபம் அதற்கு மேல் கொஞ்சம் புளி பிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

மருக்கொழுந்தே பரிவட்டத் துணியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். அவர் அதை இரு கையாலும் வாங்கினார். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஊன்றுகோலோடு கரையில் உட்கார்ந்திருந்த இருளப்பனிடம் போய், அன்றைப் போலவே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் போர் என் தப்பு. அன்னைக்குச் சொல்ல வந்தேன். நெல்லு வரும், பயப்படாதேன்னும் சொல்ல நினைச்சேன். வாயில புளி ஊறி ரெண்டுமே வெளியே வரல."

"கால் திரும்பாது, ராஜா" என்றான் இருளப்பன்.

"தெரியும்."

இருளப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் தலையைக் குனிந்தான். ராஜா தம்முடைய பரிவட்டத்தை அவன் தலையில் கட்டினார்.

ஊருக்குப் பகீரென்றது. மரியாதை தலை மாறுகிறதே! அத்தனை பேரும் ஏரிப் பக்கம் திரும்பினார்கள். மருக்கொழுந்து குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. மேல்படியை நனைத்தபடி அப்படியே நின்றது. மூச்சு விட்டுவிட்டு மடையைத் தூக்கினார்கள்.

அந்த வருஷம் மருக்கொழுந்தின் வயலில் பதர் என்பதே இல்லை. ஆமைக்கு நீந்த இடம் கிடைத்தது. புளிமூஞ்சி ஆட்டமும் நின்றுவிடவில்லை. கூடையைக் கவிழ்ப்பாள், கோட்டையைத் தோற்பாள், ஊர் சிரிக்கும். முடிவில் கூடையைக் கீழே இறக்கி, ஏரியை வாரினவரும் இவர்தான் என்பாள். ராஜாவே ஒருநாள் வந்து ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, இலவசத்தைக் கேட்டு நின்றாராம். பார்த்து முடித்துவிட்டு, புருவம் இன்னும் கொஞ்சம் நெரியணும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஏரி நிறைந்த கதை இத்தோடு நிறைந்தது. சொன்ன வாய்க்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள். குடிப்பதற்கு முன், குளம் வெட்டியவர் யார் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.