பிண்ணாக்கு தடவிய செருப்பு

என் மனைவி பேச்சியம்மாளை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் பிள்ளை பூரணிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் ஓடி, உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்து, கட்டுப் போட்டுப் படுத்திருந்தது அந்தப் பிள்ளை. அதன் அழுகையை நிறுத்தத்தான் கதை. வீட்டுக்குப் போய்க் கஞ்சி கொண்டுவரத் தூக்குவாளியோடு கிளம்பிய நான், முடியட்டும் என்று நின்றுவிட்டேன். கல்யாணமான புதிதில் அவள் எனக்கே சொன்ன கதை அது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

வெயிலுக்கென்றே படைத்த மாதிரி ஒரு ஊராம். அந்த ஊரில் ஒரு ராஜா இருந்தாராம். அவருடைய ஒரே மகளுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததாம். வேண்டிக்கொண்டபடி, சித்திரை முடிவதற்குள் மூன்று பழைய கோயில்களுக்கு அவர் நடந்தே போகவேண்டும். பல்லக்கு கூடாது, குதிரை கூடாது, யானையும் கூடாது.

“யானைகூடக் கூடாதா?” என்றாள் பூரணி.

“யானை நடந்தா அது யானையோட வேண்டுதல்லா? ராஜா நடந்தாத்தான் ராஜாவோட வேண்டுதல். நீ பேசாமக் கேளு.”

ராஜாவின் கால் மெத்தையை மிதித்தே வளர்ந்த கால். அரண்மனை அதிகாரி நாகலிங்கம் ஓடிவந்து, “மகாராஜா, என் மச்சினன் தைச்சுத் தருவான்” என்று சொல்லி, விடியற்காலையில் ராஜா கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே அளவெடுத்து, பொன் சரிகை வைத்த செருப்பு செய்துகொண்டு வந்தானாம். அதைப் போட்டுக்கொண்டு முதல் கோயிலுக்குப் போனார். பாதி வழியிலேயே குதிகாலைக் கடித்துவிட்டது. நொண்டி நொண்டிக் கோயில் வாசலுக்கு வந்தால் உச்சிப்பொழுது. வாசலில் செருப்பைக் கழற்றினார். கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. ராஜா ஒற்றைக்காலில் குதித்தார், மறுகாலில் குதித்தார், சாமியைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

அங்கே எருமை மேய்க்கிற சடையன் என்று ஒருத்தன் நின்றான். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவன். ஹஹஹா என்று சிரித்துவிட்டான்.

அப்புறம் இரண்டாவது கோயில். இந்தத் தடவை யானைத் தந்தம் பதித்த மிதியடி. படிக்கட்டில் வழுக்கி ராஜா உருண்டார். சடையன் இன்னும் பலமாகச் சிரித்தான்.

நாகலிங்கத்துக்கு வந்ததே கோபம். “என்னலே இளிப்பு? மூணாவது கோயிலுக்கு நீ செருப்பு கொண்டா பாப்போம். அன்னைக்கு மகாராஜா காலு நொந்துச்சோ, உன் எருமை எனக்கு” என்று சொல்லி, அப்போதே சீதேவியை அவிழ்த்துத் தன் தொழுவத்தில் கட்டிவிட்டானாம். சீதேவி என்பது அந்த எருமையின் பேர். அது கறக்கிற பாலில்தான் சடையன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சடையன் அழுதான், மூக்கைத் துடைத்தான், அந்திநேரம் பார்த்து அரண்மனைக்குப் போனான்.

“மகாராஜா, இறங்கி நடங்க.”

“எங்கே?”

“சும்மா நடங்க சாமி. கால் வீங்கட்டும்.”

ராஜா நந்தவனத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அப்புறம் அவரை ஈரக் களிமண்ணில் நிற்கவைத்துத் தடம் எடுத்தான். “காலையில பாக்கிற காலு வேற, நடந்து ஓஞ்ச காலு வேற, மகாராஜா. தூங்குற கால அளந்து தைச்சா அது கடிக்காம முத்தமா குடுக்கும்?” என்றான். அந்தத் தடத்துக்கு அகலமாக, தட்டையாக, குதிகாலுக்கு ஒரு வார் வைத்துத் தைத்தான். தோல் முரடாக இருந்ததால் எள்ளுப் பிண்ணாக்கை எண்ணெயில் குழைத்துத் தேய் தேய் என்று தேய்த்தான். அது பூமாதிரி ஆனது. “பழகாத செருப்போட பயணம் போகக்கூடாது, வீட்டுக்குள்ளயே போட்டுப் பழகுங்க” என்றும் சொன்னான். ராஜா சமையல்கட்டுக்கும் போட்டுப் போனார், குதிரை லாயத்துக்கும் போட்டுப் போனார், சபைக்கும் போட்டுப் போனார். பிண்ணாக்கு வாடை தாங்காமல் மந்திரிமார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“சரிடா, கோயிலுக்குள்ள கழட்டித்தானே ஆகணும். அப்ப என்ன செய்ய?”

“எங்க சீதேவி உச்சியில நடக்காது மகாராஜா. இருட்டோட நடக்கும், உச்சிக்குக் குளத்துல கெடக்கும். நாமளும் கல்லு சூடேறுமுன்ன சுத்தி முடிச்சிரணும்.”

“எருமைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே!” என்றார் ராஜா.

விடியுமுன் கிளம்பினார்கள். கால் கடிக்கவில்லை, வழுக்கவில்லை, வலிக்கவில்லை. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ராஜா உள்ளே போனார். கல் குளுகுளு என்று இருந்தது. சாமியைக் கும்பிட்டார். அதுவரைக்கும் காலையே பார்த்து நடந்தவர், அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து தூணைப் பார்த்தார், யாளியைப் பார்த்தார், கோபுரத்தில் இருந்த குள்ளப் பூதத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். பார்த்துக்கொண்டே நேரம் போனது தெரியவில்லை.

வெளியே நாகலிங்கம் என்ன செய்தான்? ராஜாவின் செருப்பைத் தன் பட்டுத் துண்டில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த இடத்தில் பொன் சரிகைச் செருப்பை வைத்துவிட்டான். எருமையையும் தன் வண்டிக்குப் பின்னால் கட்டிக் கூட்டி வந்திருந்தான், கையோடு தன் தோட்டத்துக்கு ஓட்டிப் போக.

“திருட்டுப் பய!” என்றாள் பூரணி.

“பொறு, பொறு.”

ராஜா வெளியே வந்தார். வெயில் ஏறிவிட்டது. “என் செருப்பு எங்கே?”

“நாய் இழுத்துட்டுப் போயிருக்கும் மகாராஜா. இதோ, நம்ம சரிகைச் செருப்பு இருக்கே.”

சூடு தாங்காமல் ராஜா அதில் காலை நுழைத்தார். “ஆ!” என்றார்.

“நொந்துருச்சு! எருமை எனக்கு!” என்று நாகலிங்கம் குதித்தான்.

அந்தப் பாவி இத்தனை நாளும் சீதேவிக்கு வெறும் வைக்கோல்தான் போட்டிருந்தான். அதன் மூக்கில் பிண்ணாக்கு வாசம் ஏறியது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. நாகலிங்கம் இடது பக்கம் போனான், அதுவும் இடது பக்கம் போனது. வலது பக்கம் போனான், அதுவும் வலது பக்கம் போனது. வண்டிக்குப் பின்னால் ஒளிந்தான், அங்கேயும் போய்க் கக்கத்தை முகர்ந்து, துண்டைப் பல்லால் பிடித்து ஒரே இழு. பொத்தென்று செருப்பு இரண்டும் விழுந்தன. சீதேவி ஒரு செருப்பை நக்க ஆரம்பித்தது.

இப்போது சிரித்தது யார்? ராஜா!

“நாகலிங்கம், உன் மச்சினன் தைச்சது உனக்குத்தான் பொருத்தம். போட்டுக்கிட்டு அரண்மனை வரைக்கும் என் முன்னால நட.”

அவன் ஆ, ஊ, அய்யோ என்று நடந்தான். சடையனுக்கு எருமை திரும்பி வந்தது. “வேறென்ன வேணும்?” என்று ராஜா கேட்டார். “வர்ற சனம் கால் வேகாம இருக்கணும் சாமி” என்றான் சடையன். ராஜா மூன்று கோயில் பிரகாரத்திலும் தேங்காய்நார்ப் பாய் விரிக்கச் சொன்னார். அதில் தினமும் உச்சிக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை யாருக்கு?

“நாகலிங்கத்துக்கு!” என்று பூரணி கத்தினாள்.

“ஆமா. எருமை தொழுவத்துக்குப் போச்சு, ராஜா கட்டிலுக்குப் போனாரு, கதை உன் காலுக்குள்ள போச்சு. கால் ஆறட்டும், நீ தூங்கு.”

பிறகு பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். “இன்னும் போகலையா நீங்க? போறப்ப என் செருப்பக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுப் போங்க. எவளாவது மாத்திப் போட்டுட்டுப் போயிருவா.”

தள்ளிவிட்டுப் போனேன். கஞ்சியோடு நான் திரும்பி வந்தபோது அவள் இல்லை. செருப்பு நான் தள்ளிய இடத்திலேயே கிடந்தது.

காப்பிக்கொட்டை நிறம். வெறும் ரப்பர்தான். இடது குதி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.