பச்சைக் கடலும் ஒரு குவளைத் தண்ணீரும்

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு கடல் கண்காணிப்பு அலுவலகம். அங்கே ஒப்பந்த ஊழியர் அமலி, சாட்டிலைட் படங்களைக் கணினியில் ஏற்றுவாள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கடலின் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்பார் இயக்குநர் சடகோபன்.

ஒருநாள் படம் முழுக்கப் பச்சை.

"விஷப்பாசி! பதினஞ்சு நாளைக்கு ஒரு படகும் போகக்கூடாது" என்று தடை போட்டார் சடகோபன்.

அமலியின் அண்ணன்மார் படகுக்காரர்கள். அவள் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, கடலுக்கும் சாட்டிலைட்டுக்கும் நடுவுல புழுதிக்காத்து நிக்குது. அதோட வெளிச்சமும் படத்துல கலந்திருக்கு. அதைக் கழிச்சாத்தான் கடலோட நிறம் தெரியும்."

"காத்துக்கு ஏதும்மா நிறம்? சாயங்காலத்துக்குள்ள நிரூபி. இல்லே, வேலையை விட்டுப் போ."

மாலையில் அமலி அதே படத்தின் இன்னொரு துண்டைப் பெரிதாக்கி அவர் முன் வைத்தாள்.

"இந்தத் தண்ணி எப்படிங்கய்யா?"

"அதைவிட மோசம்! வாயில வெச்சா ஆள் பிழைக்காது."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கய்யா."

போட்டார். போட்ட கையோடு மேசையிலிருந்த குவளைத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"ஐயா, அது நம்ம ஊர்க் குடிதண்ணி ஏரி. இப்ப நீங்க குடிச்சதும் அதுதான்."

அலுவலகமே சிரிப்பை அடக்கமாட்டாமல் திணறியது.

"சரி, காத்தைக் கழி" என்றார் அவர், மெதுவாக.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தெளிந்த கடல் விழுங்கிவிடும், திருப்பி அனுப்பாது. அதில் தெரிந்த வெளிச்சமெல்லாம் காற்றுடையது என்று கணக்கிட்டு, அமலி மற்ற நிறங்களிலும் காற்றின் பங்கைக் கழித்தாள். கடல் நீலமாக எழுந்து வந்தது.

தடையை நீக்கப் பேனாவைத் திறந்தவர் சற்றுத் தயங்கினார்.

"இது எந்தத் தண்ணி? முதல்ல அதைச் சொல்லும்மா."

"கடல்தாங்கய்யா."

கையெழுத்து விழுந்தது. விடிந்ததும் படகுகள் புறப்பட்டன.