மூச்சு எடுக்கும் இடம்

"டீச்சர், இந்த ஜோடியும் சரியில்ல."

செருப்பைக் கழற்றுமுன்பே கோமதிநாயகம் இதைச் சொல்லிவிட்டார்.

எமிலின் டீச்சர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். தூத்துக்குடியில் பாட்டுப் பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் அவர்தான் குரு. எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், எந்த ஆம்பிளிஃபயர் அதற்குப் பொருந்தும் என்று கேட்க, ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயிலிலிருந்து திரும்பும்போதே வாசலில் ஆள் நிற்கும். நேரான பதில் யாருக்கும் கிடைக்காது. அதனால் பாதிப் பேர் மறுவாரம் வருவதில்லை.

கோமதிநாயகம் வந்துகொண்டே இருந்தார். டீச்சரைவிட ரொம்ப மூத்தவர். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக ஓடியாடிவிட்டு, வேலையை மகனிடம் கொடுத்தவர். டீச்சர் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொள்வார். ஒன்றையும் செய்யமாட்டார். அந்த வகையில் அவர் முழுமையான சீடர்.

"என்ன சரியில்ல அண்ணாச்சி?"

"மூச்சு கேக்கல."

அவரிடம் ஒரு பழைய நாகஸ்வர இசைத்தட்டு இருக்கிறது. தோடி. ஆலாபனையின் நடுவில் ஓர் இடத்தில் வித்வான் சற்று நிறுத்தி மூச்சு எடுப்பார். அந்த மூச்சு கேட்க வேண்டும். கேட்டால் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். கேட்காவிட்டால் எத்தனை பெரிய கம்பெனியாக இருந்தாலும் அது வெறும் மரப்பெட்டி.

அவருக்கு வேறு கணக்கு எதுவும் கிடையாது.

முதல்முறை வந்தபோது, "ஆள் உயரத்துக்கு நிக்குமே, டவர் ஸ்பீக்கர், அதுல எது நல்லது?" என்று கேட்டார்.

"உங்க அறை எவ்வளவு பெரிசு?"

"ஸ்பீக்கரக் கேட்டா அறையக் கேக்கீங்களே டீச்சர்?"

"வாசல் அகலம் தெரியாம கட்டில் வாங்குனா யாரு கஷ்டப்படுறது?"

அவர் சிரித்துவிட்டுப் போய், கடையில் இருந்ததிலேயே உயரமான ஜோடியை வாங்கினார். மறுவாரமே திரும்பி வந்தார்.

"தவில் மட்டும் பக்கத்து வீட்டுல கல்யாணம் நடக்குத மாதிரி கேக்கு டீச்சர். நாயனத்தக் காணோம்."

"சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"தள்ளி வைங்க. அதுக்கும் மூச்சு விட இடம் வேணும்."

தள்ளி வைத்தார். தவில் பக்கத்து வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தது. வித்வானின் மூச்சு வரவில்லை.

ஜோடியை மாற்றினார். புதிய ஜோடியை இழுக்க அவருடைய ஆம்பிளிஃபயருக்குத் தெம்பில்லை.

"கன்னுக்குட்டியப் பூட்டி லாரி பாரத்த இழுக்கச் சொல்லுதீங்க. சின்ன ஸ்பீக்கரா பாருங்க."

அவர் பெரிய ஆம்பிளிஃபயராகப் பார்த்தார். அதைத் தூக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். மூச்சு வரவில்லை.

இப்போது மூன்றாவது ஜோடி. அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இதுவும் இல்லன்னா விட்டுருவேன் டீச்சர். எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டு, பாட்டே வேண்டாம்னு கெடந்துருவேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் கவலைப்பட்டிருக்கமாட்டார். சாதாரணமாகச் சொன்னார்.

"நான் வீட்டுக்கு வந்து பாக்கேன்," என்றார் டீச்சர். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் அல்ல.

மறுநாள் சாயங்காலம் வந்தார்.

பெரிய ஹால். புதிதாக வெள்ளையடித்த சுவர். பளபளவென்று தரை. நடுவில் இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள், எதிரே ஒரு நாற்காலி. வேறு சாமான் ஒன்றுமில்லை.

கோமதிநாயகம் இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்தார்.

"அது இருக்கட்டும்."

டீச்சர் அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டினார்.

அறை திருப்பித் தட்டியது. சுவருக்குச் சுவர் போய் வந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது.

"ஸ்பீக்கரப் பாக்கலையே டீச்சர்?"

"முன்னால எப்பமாவது மூச்சு கேட்டுருக்கா?"

"கேட்டுருக்காவா? தெனமும் கேட்டுச்சு. பழசு ஒண்ணு வச்சிருந்தேன், சின்னப் பெட்டி. அதுல அவரு இங்கன உக்காந்து மூச்சு எடுக்காப்புல கேக்கும்."

"அது எங்க?"

"கெட்டுப்போச்சு. பழைய சாமான்காரன்ட்ட போட்டுட்டேன்."

"எப்பம் கெட்டுச்சு?"

கோமதிநாயகம் இசைத்தட்டை உறைக்குள் திரும்ப வைத்தார்.

"வடிவு தவறின மறுமாசம். அவ போனா, பின்னாலயே அதுவும் போயிட்டு."

சண்முகவடிவு அவர் மனைவி.

டீச்சர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்பம் இங்கன என்னெல்லாம் இருந்துச்சு?"

"வடிவுதான் இருந்தா. கடைசி ஒரு வருசம் எந்திரிக்க முடியல. உள்ரூம்புல போட்டா பாட்டு கேக்காதுன்னா. அதான் இங்கனயே இந்தச் சுவரோரமா கட்டிலப் போட்டு, இலவம்பஞ்சு மெத்தை, தலகாணி, கம்பளின்னு..."

"ஜன்னல்ல?"

"திரை. பழைய பட்டுச் சேலையெல்லாம் சேத்து அவளே தச்சது. நல்ல கனம்."

"எங்க எல்லாம்?"

"அதெல்லாம் வச்சுக்கிடப்பிடாதுல்லா டீச்சர்? பதினாறு அன்னிக்கே எடுத்துட்டாவ. மெத்தையத் தூக்கிப் போட்டாச்சு. சேலையெல்லாம் தங்கச்சிமாரு ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாவ. திரையும் சேலைதான்னு அதையும் பிரிச்சுட்டுப் போயிட்டாவ. அப்புறம் கழுவிவிட்டு, வெள்ளையடிச்சு..."

டீச்சர் மறுபடி கை தட்டினார்.

கோமதிநாயகம் இப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டார். அது போய் வருவதைக் கேட்டார். கப்பல் சரக்கு பார்த்து வயதானவர், மடையர் அல்ல. முகம் மெல்ல மாறியது.

"பெட்டி கெடலையா டீச்சர்?"

"இல்ல. மெத்தையும் திரையும் சத்தத்தக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பம் வெறுஞ்சுவரு, எல்லாத்தையும் திருப்பி அடிக்கு."

"நாந்தான் வீணா..." நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். "அப்பம் மெத்தையும் திரையும் போட்டுட்டா இது சரியாயிருமா? இதே ஸ்பீக்கர்ல? மூச்சு கேக்குமா?"



"சரியாயிருச்சுன்னா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"இது என்ன கேள்வி? பாட்டு கேப்பேன்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் அதற்குள் மெத்தைக் கடைக்குப் போன் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து டீச்சரை அழைத்துப் போனார். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டு மனிதரைப்போல வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

ஹாலில் கட்டில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. மேலே தடிமனான புது மெத்தை. தலையணைகள், கம்பளி. ஜன்னல்களில் கனத்த திரை.

"தட்டிப் பாருங்க டீச்சர், தட்டிப் பாருங்க."

டீச்சர் தட்டினார். சத்தம் அந்த இடத்திலேயே நின்றது.

"நீங்க உக்காருங்க," என்று நாற்காலியை டீச்சருக்குப் போட்டுவிட்டு, அவர் நின்றபடியே இசைத்தட்டைச் சுழலவிட்டார்.

தோடி ஆரம்பித்தது.

எமிலின் டீச்சர் எத்தனையோ வீடுகளின் ஸ்பீக்கரைப் பற்றி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு தெளிவாக நாகஸ்வரம் கேட்டதில்லை. நாணல் சீவாளி உதட்டில் படுவதுகூடத் தெரிந்தது. சுவர்கள் இருப்பதே தெரியவில்லை.

அந்த இடம் நெருங்கியது.

வடிவு படுக்கையில் இருந்த நாட்களில், அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னால் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்துவாள். "இந்தா, எடுக்காரு," என்பாள். கோமதிநாயகம் ஸ்பீக்கரைப் பார்த்ததே இல்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வித்வான் நிறுத்தினார்.

மூச்சு எடுத்தார்.

பக்கத்தில் ஓர் ஆள் நின்று எடுப்பதுபோல, முழுசாக, நிதானமாகக் கேட்டது.

கோமதிநாயகம் கட்டிலின் பக்கம் திரும்பியிருந்தார். மெத்தையில் ஒரு பள்ளமும் இல்லை. மூலையில் கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் கொஞ்சம் இருந்தது.

ராகம் தன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பவே இல்லை. தட்டின் அந்தப் பக்கம் முடிந்து ஊசி உரசத் தொடங்கியபோது டீச்சர்தான் எழுந்து நிறுத்தினார்.

"கேட்டுச்சா அண்ணாச்சி?"

"கேட்டுச்சு."

"ஸ்பீக்கர் மாத்தணுமா?"

"வேண்டாம்."

"ஆம்பிளிஃபயர்?"

"ஒண்ணும் வேண்டாம் டீச்சர். எல்லாம் சரியா இருக்கு." குரல் உடைந்தது. "எல்லாமே அப்படியே சரியா இருக்கு."

பெரிய மனிதர் என்ற கூச்சமெல்லாம் இல்லாமல் அழுதார். பதினாறாம் நாள் அழாத அழுகை. டீச்சர் தடுக்கவில்லை. தேற்றவுமில்லை.

"இத்தன நாளும் பெட்டிதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்," என்றார் கடைசியில். "பெட்டின்னா மாத்திக்கிடலாம்லா?"



திரைக்கு வெளியே தெருவில் ஏதோ வண்டி போனது. அதன் சத்தம்கூட அமுங்கித்தான் உள்ளே வந்தது.

கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனார். மெத்தையின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். புது மெத்தை, கனம். ஓர் ஆளால் நகராது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அவ படுக்காத மெத்தை. இத வெளிய போட்டுருவமா?"

எமிலின் டீச்சர் போய் மறுமுனையைப் பிடித்தார்.