தத்தையின் கோணல் சிரிப்பு

மலைகளெல்லாம் இன்னும் குட்டையாக இருந்த காலம். அப்போது நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. அதைக் கடம்பராயன் என்றோர் அரசன் ஆண்டான். உட்கார்ந்து கேளுங்கள். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு இடம் இருக்காது.

கடம்பராயன் நல்லவன்தான். குடிகளை வருத்தியதில்லை, வழக்கில் ஓரம் பேசியதில்லை. அவனிடம் இருந்த பிசகு ஒன்றே ஒன்று. கோணலாக எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கை பரபரக்கும். வளைந்த தெருக்களை இடித்து நேராக்கினான். வளைந்த வாய்க்கால்களை வெட்டி நேராக்கினான். தோப்பில் சாய்ந்து நின்ற தென்னையைக்கூடக் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தச் சொன்னான். தென்னை செத்துப்போயிற்று. நேராகச் செத்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அவனுக்கு ஒரே மகள். தத்தை என்று பெயர். அவள் சிரித்தால் இடது கண் இடுங்கிக்கொள்ளும், வாய் அந்தப் பக்கமாக மேலே ஏறும். அந்தச் சிரிப்பைப் பார்க்க அந்தப்புரமே வேலையைப் போட்டுவிட்டு வரும். அரசனுக்கும் மகள் என்றால் உயிர். ஆனாலும் கை சும்மா இருக்காது. "நேராச் சிரி, கண்ணு" என்று விரலால் அவள் உதட்டோரத்தைக் கீழே இறக்கிவிடுவான். அவன் விரலை எடுத்ததும் குழந்தை மறுபடியும் கோணலாகவே சிரிக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்கைக்கு இருந்த அறிவு அந்த அரசனுக்கு இல்லை.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மழை விடுவதற்குள் குழந்தை போய்விட்டது.

அரசி செண்பகவல்லி அழவில்லை. பேசவில்லை. சோற்றைத் தொடவில்லை. யாராவது வாயில் ஊற்றினால் இரண்டு வாய் கஞ்சித்தண்ணீர் இறங்கும், அவ்வளவுதான். அரண்மனை வைத்தியர் அரசனைத் தனியே அழைத்துச் சொன்னார்: "மருந்துல இனி ஒண்ணுமில்ல, மகாராசா. மனசு எதையாவது பிடிச்சுக்கிட்டா அம்மா பிழைப்பாங்க. இல்லேன்னா வர்ற கோடை தாண்ட மாட்டாங்க."

மகளின் முகத்தை மரத்தில் செய்து கொடுத்தால் அரசி பிழைப்பாள் என்று அரசன் எண்ணினான். நாட்டின் பெரிய தச்சர்கள் மூவரை வரவழைத்தான். குழந்தையை அவர்கள் கண்டதில்லை. அரசன் மகள் என்றால் அழகாகத்தானே இருக்க வேண்டும் என்று ஒருவர் திருமகளைச் செய்தார், ஒருவர் கலைமகளைச் செய்தார், ஒருவர் இரண்டையும் கலந்து செய்தார். அரசி மூன்றையும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது முகத்தைப் பார்த்தபோது மட்டும் அவள் வாய் திறந்தது. "இது யார் வீட்டுப் பிள்ளையோ. என் பிள்ளை முகம் பெத்தவங்க கைக்குத்தான் தெரியும்."

"அப்படியானால் நானே செதுக்குகிறேன்" என்றான் அரசன். அரசி எழுந்து போய்த் தத்தையின் வாகை மரத் தொட்டிலை விரலால் காட்டினாள். தொட்டிலைப் பிரித்ததில் முகம் செதுக்கும் அளவுக்குத் தடிமனான துண்டுகள் மூன்றே தேறின.

தேர்ச்சிற்பம் செதுக்கும் கோலப்பன் என்ற தச்சன் அரசனுக்குப் பழக்கிவிட வந்தான். அரசன் வயதுதான் அவனுக்கும். "எடுத்ததும் தொட்டிலத் தொடக்கூடாதுங்க, மகாராசா. முருங்கைக் கட்டையில பழகிட்டு வாங்க" என்றான்.

வாள் பிடித்த கைக்கு உளி பிடிக்கத் தெரியவில்லை. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் உளியில் விழுவதைவிடக் கட்டைவிரலில் அதிகம் விழுந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வாயிற்காவலர்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் அரசன் ஒரு கிளி செதுக்கி முடித்துப் பெருமையோடு நீட்டினான். கோலப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேங்காய் நல்லா வந்திருக்குங்க" என்றான். அரசனே சிரித்துவிட்டான். மகள் போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் கோலப்பன் சொன்னான்: "மரம் உங்க குடிமக்கள் இல்லீங்க. ஆணை போட்டா கேக்காது. அதோட இழை எங்க ஓடுதோ அங்கதான் உளி ஓடணும். இன்னொண்ணும் சொல்லிடறேன். மண்ணு பொம்மையில குறைஞ்சா அப்பிக்கலாம். மரத்துல எடுத்தது எடுத்ததுதான். பிரம்மனாலயும் திருப்பி வைக்க முடியாது."

ஆனால் உள்ளே அரசி நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தாள். வளையல் கையில் நிற்கவில்லை. பழகிக்கொண்டிருக்க அரசனுக்குப் பொறுமை இல்லை. தொட்டிலின் முதல் துண்டை எடுத்தான். அதில் ஒரு கணு இருந்தது. கணுவைச் சுற்றி மரத்தின் இழை வளைந்து போயிற்று. இவன் விடுவானா? உளியை நேராக வைத்து ஓங்கி அடித்தான். துண்டு நெற்றியிலிருந்து தாடை வரை இரண்டாகப் பிளந்தது.

இரண்டாவது துண்டை எடுத்தான். முகம் வந்தது, ஆனால் வலது கன்னம் கொஞ்சம் பருத்திருந்தது. அதைச் சீவினான். இப்போது இடது கன்னம் பருத்துத் தெரிந்தது. அதைச் சீவினான். மறுபடியும் வலது கன்னம். "கன்னத்தைக் கன்னத்தோட ஒப்பிட்டா முடிவே கிடையாதுங்க" என்று கோலப்பன் தலையில் அடித்துக்கொண்டான். தொட்டில் துண்டு கடைசியில் ஒரு கொட்டைப்பாக்காகி அரசன் உள்ளங்கையில் கிடந்தது.

மிச்சம் ஒரு துண்டு. அதைத் தொடவே அவனுக்கு அச்சமாக இருந்தது. அளவுகோலை எடுக்கவில்லை. கண்ணை மூடி மகளை நினைப்பான், ஒரு சீவல் எடுப்பான், மறுபடியும் நினைப்பான். பல நாள் அப்படியே போயின. ஒரு காலையில் கோலப்பன் வந்து பார்த்தான். பார்த்தவன் கையிலிருந்த கொட்டாப்புளியைக் கீழே வைத்தான்.

"கையை எடுத்திருங்க, மகாராசா. இதுக்கு மேல ஒரு சீவல்கூட வேண்டாம்."

"கண்ணில்லையா உமக்கு? இடது கண் இடுங்கியிருக்கிறது. வாய் ஒரு பக்கமாக ஏறியிருக்கிறது. என் கை கோணிவிட்டது."

"உங்க பிள்ளைய நான் பார்த்ததில்லீங்க. ஆனா இதுல ஏதோ ஒரு பிள்ளை சிரிக்குது. அது எனக்கே தெரியுது. விட்டிருங்க."

அரசனுக்குக் கோபம் வந்தது. தன் மகளைக் காணாத ஒருவன் அவள் முகத்தைப் பற்றித் தனக்குச் சொல்வதா? "நீர் வீட்டுக்குப் போகலாம்" என்றான். கோலப்பன் கும்பிட்டுவிட்டுப் போனான். சபையிலிருந்து அழைப்பு வரவே, உளியை வைத்துவிட்டு அரசனும் போனான்.

அரசனுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியட்டும். அந்த நேரத்தில் அரசி, தோழி ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தாள். மரத்தைப் பார்த்தாள். "தத்தை" என்றாள். எடுத்து மடியில் வைத்து அந்த இடுங்கிய கண்ணைத் தடவினாள், ஏறிய உதட்டைத் தடவினாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும், "பசிக்குதடி" என்றாள். அன்று ஒரு கிண்ணம் கஞ்சி முழுதும் குடித்தாள். "அவர்கிட்ட இப்பச் சொல்லாதே. நாளைக்கு நான் குளிச்சுத் தலைசீவிக்கிட்டு, பிள்ளைக்கும் பாவாடை கொண்டு வந்து அவர் கையாலேயே அவளை வாங்கிக்கிறேன்" என்று தோழியின் வாயை அடைத்து, முகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பிற்பகலில் அரசன் திரும்பினான். முகம் அவனைப் பார்த்துக் கோணலாகச் சிரித்தது. கை பரபரத்தது. உதட்டோரத்தில் ஒரே ஒரு சீவல் எடுத்தான். பிறகு மறுபக்கத்தில் ஒன்று. இடது கண்ணை வலது கண்ணுக்குச் சமமாகத் திறந்தான். கண் பெரிதானதும் மூக்கு பொருந்தவில்லை. மூக்கைத் தொட்டான், நுனி உடைந்தது. பொழுது சாய்ந்தபோது அவன் கையில் விரல் பருமனில் ஒரு குச்சி இருந்தது. அது மட்டும் நல்ல நேராக இருந்தது.

விடிந்ததும் அரசி வந்தாள். யார் தோளையும் பிடிக்காமல் தானே நடந்து வந்தாள். தலைசீவிப் பூ வைத்திருந்தாள். கையில் தத்தையின் சிவப்புப் பட்டுப் பாவாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. அரசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நடந்தா வந்தாய்!" என்று ஓடினான்.

"எங்கே என் பிள்ளை?" என்றாள் அரசி. "நேத்து இங்கதானே சிரிச்சுக்கிட்டிருந்தா."

அரசனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மகள் எப்படிச் சிரிப்பாள் என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத்தான் மறந்திருந்தது. தரையில் விழுந்து சீவல்களை அள்ளினான். ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தான். நாடாளும் அரசன், குப்பைக்குள் உட்கார்ந்து குழந்தையின் உதட்டைத் தேடினான்.

அரசி அந்தக் குச்சியைப் பார்த்தாள். "உசிரோட இருக்கையில விரலால திருத்தினீங்க. இப்ப உளியால திருத்திட்டீங்க" என்றாள். பாவாடையை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பின் கஞ்சிக் கிண்ணத்தை அவள் தொடவில்லை. வைத்தியர் சொன்னபடி அந்தக் கோடையை அவள் தாண்டவும் இல்லை.

கடம்பராயன் உளியைக் கைவிடவில்லை. வருடக்கணக்காகச் செதுக்கினான், கோலப்பனே கண்டு வியக்கும் அளவுக்குக் கை தேறிற்று. நூல் பிடித்தாற்போல ஆயிரம் முகம் செய்தான். கோணலாகச் சிரிக்கிற முகம் ஒன்று மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவே இல்லை.

பெரியோரே, பிள்ளைகளே, கதை சொல்லும் நீதி இதுதான்: அன்பு வைத்ததை அதன் கோணலோடு ஏற்கத் தெரியாதவன், அதைத் திருத்தித் திருத்தியே இழப்பான்.