மாடத்தியின் பானை

புளியங்குறிச்சியில் வீட்டுக்கு வீடு ஊர் வரி உண்டு. அந்த வரியில் ஊர்ப் பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்க வைக்கலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது.

ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரரான சிதம்பரதாணு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "எவன் பிள்ளையோ படிக்க நான் ஏன் வரி கட்டணும்?"

"அதுவும் நியாயந்தான்" என்றார் தலைவர்.

"படிச்சா ஊருக்குத்தானே நல்லது?" என்றார் ஒருவர்.

"அதுவும் நியாயந்தான்" என்றார் தலைவர். கூட்டம் குழம்பித் தலையைச் சொறிந்தது.

"சரி, தாரேன்" என்றார் சிதம்பரதாணு. "ஆனா என் பணத்துல வந்த படிப்பு எது, அதுல எனக்கு என்ன லாபம்னு தனியாப் பிரிச்சுக் காட்டணும். காட்டுவியளா?"

ஆடு மேய்க்கும் மாடத்தி எழுந்தாள். அவளுக்குக் கையகல நிலம் கிடையாது; பள்ளிக்கூடம் முடித்த மகள் ஒருத்தி உண்டு.

"நான் காட்டுதேன் அண்ணாச்சி. வீட்டுக்கு ஒரு ஆள்னு குளம் தூர் வாரயில நானும் மண்ணு சுமந்தேன். நான் வெட்டுன குழியில நின்ன தண்ணியும் உங்க வயலுக்குத்தான் பாயுது. அதை மட்டும் பிரிச்சு என் பானையில ஊத்திக் குடுங்க. நீங்க கேட்டதை உடனே காட்டுதேன்."

"இதுவும் நியாயந்தான்" என்றார் தலைவர்.

மறுநாள் பானையும் கையுமாக வரப்பில் நின்று, பாயும் தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார் சிதம்பரதாணு. எது யார் வெட்டிய குழித் தண்ணீரென்று அவருக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் பானை திரும்பி வந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. வரிப் பணம் இருந்தது.